பனி, பனிக்குடம், சம்மதம்: எல்லைப்புறப் பிரசவ அறைகளின் மொழி குறித்து

மலையாளத்தில் ‘பனி’ என்றால் காய்ச்சல். தமிழில் அது மார்கழி விடியலில் புல்நுனியில் நிற்பது. கருவைச் சூழ்ந்திருக்கும் நீர்ப்பைக்கும் தமிழில் பனிக்குடம் என்று பெயர். காய்ச்சலோடு பேறுகாலத்தை நெருங்கிய ஒரு பெண் மருத்துவமனைக்கு வரும்போது அவளிடம் முதலில் கேட்கப்படும் கேள்விகளில் இரண்டு: காய்ச்சல் இருக்கிறதா? பனிக்குடம் உடைந்துவிட்டதா? கேட்பவர் மலையாளத்திலும் பதில் சொல்பவர் தமிழிலும் நினைக்கும்போது இவ்விரு கேள்விகளும் ஒரே ஒலியின் மேல் வந்து நிற்கின்றன.

வைரஸ் தொற்றுள்ள கர்ப்பிணிக்குப் பிரசவ வலியை மருந்தால் தூண்டுவது எப்போது பாதுகாப்பானது என்ற கேள்வி பெரும்பாலும் மருந்தின் பெயர், அளவு, கண்காணிப்பு ஆகியவற்றின் கேள்வியாகவே பேசப்படுகிறது. அவை அடிப்படையானவை, ஐயமில்லை. ஆனால் இடுக்கி, பாலக்காடு மாவட்டங்களின் எல்லைப்புறத்தில் அந்தப் பாதுகாப்பின் ஒரு பகுதி மொழியில் இருக்கிறது. மலையாளமும் தமிழும் ஒன்றையொன்று அறியாத மொழிகளாக இருந்திருந்தால் மொழிபெயர்ப்பாளர் தேவை என்பது யாருக்கும் உடனே தெரிந்திருக்கும். அவை உடன்பிறந்த மொழிகளாக இருப்பதாலேயே, புரியாமை புரிதலைப் போலத் தோற்றம் தருகிறது. இந்தத் தோற்றத்தை ஒரு மருத்துவ அபாயமாகக் கருதி, அதற்குரிய நடைமுறைகளை வகுக்க வேண்டும் என்பதே இப்பதிவின் வாதம்.

முதலில் மருத்துவப் பக்கம். பிரசவ வலி தானாகத் தொடங்காதபோதும், காத்திருப்பது தாய்க்கோ குழந்தைக்கோ ஆபத்து என்று கருதப்படும்போதும், கருப்பை வாயை இளக்கி வலியை வரவழைப்பதே தூண்டல். மிசோப்ரோஸ்டால் மாத்திரை, டைனோப்ரோஸ்டோன் ஜெல், ஆக்ஸிடோசின் சொட்டு மருந்து, ஃபோலி குழாயின் பலூன், பனிக்குடத்தைச் செயற்கையாக உடைத்தல் ஆகியவை வழக்கிலுள்ள முறைகள். மிசோப்ரோஸ்டாலை 25 மைக்ரோகிராம் அளவில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வாய்வழியாகக் கொடுக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2011இல் பரிந்துரைத்தது. நாக்பூரின் இரு அரசு மருத்துவமனைகளில் உயர் இரத்த அழுத்தமுள்ள 602 கர்ப்பிணிகளிடம் நடந்து, 2017இல் லான்செட் இதழில் வெளிவந்த ஆய்வு, இந்த மாத்திரையையும் ஃபோலி குழாயையும் ஒப்பிட்டது. மாத்திரை பெற்றோரில் 57 சதவீதத்தினரும் குழாய் பெற்றோரில் 47 சதவீதத்தினரும் 24 மணி நேரத்துக்குள் இயல்பாகப் பிரசவித்தனர். வசதி குறைந்த இந்திய மருத்துவமனைகளுக்கு ஏற்ற தூண்டல் முறை எது என்பதில் அறிவுப் பஞ்சம் இல்லை.

தொற்று வந்து சேரும்போது கணக்கு மாறுகிறது. ஒவ்வொரு வைரஸுக்கும் ஒவ்வொரு விதமாக மாறுகிறது. கொரோனா தொற்று மட்டுமே தூண்டலுக்கோ அறுவைப் பிரசவத்துக்கோ காரணமாகாது. தொற்று லேசாக இருந்து வேறு அவசரமும் இல்லையென்றால் காத்திருக்கலாம். டெங்குவில் இதற்கு மேலான எச்சரிக்கை வேண்டும். இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியும் நெருக்கடிக் கட்டத்தில், தாயின் உயிரைக் காக்கும் தேவை இருந்தாலொழிய, தூண்டலையும் அறுவைப் பிரசவத்தையும் தவிர்க்க வேண்டும் என்பது இலங்கையின் தேசிய டெங்கு வழிகாட்டுதல். அந்தக் கட்டம் பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும் வேளையில்தான் தொடங்குகிறது. நோயாளி ‘குணமாகிவிட்டது’ என்று நினைக்கும் நேரமே மருத்துவர் அஞ்சும் நேரம்.

எச்ஐவியில் கவலை பனிக்குடத்தைப் பற்றியது. பனிக்குடம் உடைந்து நான்கு மணி நேரத்துக்கு மேல் பிரசவம் நீடித்தால் குழந்தைக்குத் தொற்றும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்காகிறது என்று 1996இல் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. கூட்டு மருந்துச் சிகிச்சை பரவலாவதற்கு முந்தைய காலத்துக் கணக்கு அது. இன்று மருந்தை ஒழுங்காக உட்கொண்டு இரத்தத்தில் வைரஸ் அடங்கியிருக்கும் பெண்ணுக்குத் தூண்டல் மற்றவர்களுக்கு உள்ளதைப் போன்றதுதான். அடங்காதிருந்தால் பனிக்குடத்தைச் செயற்கையாக உடைப்பதைத் தவிர்க்க வேண்டும். ஹெபடைடிஸ் பி உள்ள தாய்க்குத் தூண்டலில் பெரிய மாற்றம் இல்லை. குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் தடுப்பூசியும் 12 மணி நேரத்துக்குள் இம்யூனோகுளோபுலினும் போடுவதே அங்கு முக்கியம்.

ஆக, ‘உங்களுக்குத் தொற்று இருக்கிறது, வலி வர மருந்து கொடுக்கப் போகிறோம்’ என்ற ஒற்றை வாக்கியம் நான்கு நோய்களில் நான்கு வெவ்வேறு செய்திகளைச் சுமக்கிறது. ஏன் இப்போது, ஏன் காத்திருக்கக் கூடாது, அல்லது ஏன் காத்திருக்க வேண்டும், எது நேரலாம், எதைக் கண்டால் உடனே சொல்ல வேண்டும் என்பவற்றை எல்லாம் அந்தப் பெண் அறிந்தாக வேண்டும். நிபந்தனையும் நிகழ்தகவும் நிறைந்த பேச்சு இது. ஒரு மொழியின் கடைப் பெயர்களையும் பேருந்து அறிவிப்புகளையும் புரிந்துகொள்வதற்கும் இதைப் புரிந்துகொள்வதற்கும் வெகுதூரம்.

இனி, எல்லை. 1956இல் மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றன. தேயிலை, ஏலத் தோட்டங்களில் தலைமுறைகளாக உழைத்துவரும் தமிழ்க் குடும்பங்கள் அவற்றோடு நின்றன. 2015இல் மூணாற்றில் ‘பெம்பிளை ஒருமை’ என்ற பெயரில் போராட்டம் நடத்திய பெண்களும், 2020 ஆகஸ்ட் 6 இரவில் பெட்டிமுடி நிலச்சரிவில் மாண்ட எழுபது பேரும் பெரும்பாலும் இந்தச் சமூகத்தினரே. பாலக்காட்டின் சித்தூர் வட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி போன்ற ஊர்களில் தமிழ் வீட்டு மொழி. இவர்களோடு, தேனி, பொள்ளாச்சிப் பக்கங்களிலிருந்து திருமணமாகி வரும் பெண்களும் இருக்கிறார்கள். அட்டப்பாடியின் இருளர், 2010இல் கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சியான இடமலக்குடியின் முதுவர் ஆகியோருக்கோ மருத்துவமனையின் மலையாளமும் தமிழ்நாட்டின் ஏட்டுத் தமிழும் ஒருசேர அயல்தான்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். இது கேரளத்தின் பொது சுகாதாரத்தைக் குறைத்துப் பேசும் முயற்சி இல்லை. 2018–20 காலத்துக்கான மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பின்படி ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்குத் தாய் இறப்பு இந்தியாவில் 97, தமிழ்நாட்டில் 54, கேரளத்தில் 19. ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி கேரளத்தில் 99.8 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடக்கின்றன. இந்த அளவுக்கு வந்துவிட்ட ஓர் அமைப்பில் எஞ்சியிருக்கும் ஆபத்துகள் பொதுச் சராசரியில் தெரியாதவை. அவை ஓரங்களில் இருக்கின்றன: மலையின் ஓரத்தில், மாநிலத்தின் ஓரத்தில், மொழியின் ஓரத்தில். மருத்துவமனைக்கு வந்து சேர்ப்பது என்ற பணி முடிந்த இடத்தில், வந்தவளோடு பேசுவது என்ற பணி தொடங்குகிறது.

அந்தப் பேச்சு எங்கெங்கே இடறக்கூடும் என்பதை மொழியியல் எளிதில் காட்டும். மலையாளத்தில் மருந்து ‘கழிக்குக’ என்றால் உட்கொள்ளுதல். தமிழில் கழித்தல் என்றால் வெளியேற்றுதல். மலையாளத்தில் ‘அவசரம்’ என்பது வாய்ப்பு; தமிழில் அது அவசரம்தான். நோய் ‘பகரும்’ என்றால் மலையாளத்தில் பரவும் என்று பொருள். தமிழில் பகர்தல் என்பது ஏட்டில் மட்டும் வாழும் ‘சொல்லுதல்’. குழந்தைக்குத் தொற்றுமா என்ற, தாய் அறிய விரும்பும் முதற்செய்தி இந்தச் சொல்லின் மேல்தான் நிற்கிறது. தூண்டலையே மலையாளப் பேச்சில் ‘மருந்து வெக்குக’ என்பார்கள். தமிழ்நாட்டுக் கிராமங்களில் ‘மருந்து வைத்துவிட்டார்கள்’ என்பதற்கு வசியத்துக்காகவோ கெடுதலுக்காகவோ உணவில் எதையோ கலந்து கொடுத்துவிட்டார்கள் என்று பொருள்.

இச்சொற்களில் பல, நெடுங்காலம் அங்கு வாழும் தோட்டத் தமிழர்களுக்கு நன்கு பழகியவை. அவர்களுடைய தமிழிலேயே பனி காய்ச்சலாகிவிட்டிருக்கும். சென்ற ஆண்டு போடிநாயக்கனூரிலிருந்து மணமாகி வந்த பெண்ணுக்கு அது அப்படி ஆகியிராது. இருவரும் ஒரே வரிசையில், ஒரே சீட்டோடு, ஒரே மாதிரி முகத்தோடு நிற்கிறார்கள். யாருக்கு எவ்வளவு புரியும் என்பதை வெளியிலிருந்து அறிய வழியில்லை.

சொற்களைவிட ஆழமான இடறல் இலக்கணத்தில் இருக்கிறது. மலையாளத்தில் ‘வராம்’ என்றால் வரக்கூடும். தமிழ்ப் பேச்சில் ‘வராம’ என்றால் வராமல். ஈற்றில் ஓர் உயிரொலியே வேறுபாடு. ‘இரத்தப்போக்கு வரக்கூடும்’ என்ற எச்சரிக்கை, முகக்கவசத்துக்குப் பின்னிருந்து, வலியில் இருக்கும் ஒரு பெண்ணின் காதில் ‘இரத்தப்போக்கு வராமல்’ என்று விழுவதற்கு ஒலியளவில் பெரிய தடை ஏதுமில்லை. அபாயத்தைச் சொல்லும் விகுதியும் அபாயமின்மையைச் சொல்லும் விகுதியும் இத்தனை அருகில் இருக்கும் இரு மொழிகளுக்கிடையே, ‘ஏறத்தாழப் புரியும்’ என்பது ஆறுதல் தரும் தொடர் ஆகாது.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக ‘சரி’ என்ற சொல். இரு மொழிகளுக்கும் பொதுவானது. அதனால்தான் அதிகம் ஏமாற்றுவது. உரையாடலில் ‘சரி’, ‘சரிங்க’ என்பவை பெரும்பாலும் ‘கேட்டுக்கொண்டிருக்கிறேன்’ என்பதையும் ‘உங்கள் சொல்லுக்கு மரியாதை தருகிறேன்’ என்பதையுமே குறிக்கின்றன. ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்பது அதன் பொருள்களில் ஒன்று மட்டுமே. மருத்துவர் ‘மனசிலாயோ?’ என்று கேட்டால், தொழிலாளிப் பெண்ணிடமிருந்து ‘இல்லை’ என்ற பதில் வருவது அரிது. அந்தப் பதிலைச் சொல்வதற்குத் தேவையான சமூக இடம் அவளுக்கு அந்த அறையில் இல்லை. ‘சரி’ என்ற ஒலியைச் சம்மதமாக எழுதிக்கொண்டு, புரியாத எழுத்திலுள்ள படிவத்தில் கையொப்பமோ விரல் ரேகையோ பெறப்பட்டால், ஆவணம் முழுமையாகிறது. சம்மதம் தொடங்கவே இல்லை.

வைரஸ் தொற்று இந்தச் சிக்கலை இரண்டு வழிகளில் கூர்மையாக்குகிறது. முதலாவது, தனிமை. கொரோனாக் காலத்தில் பல பிரசவ அறைகளில் உடனிருக்கும் உறவினர் விலக்கப்பட்டார். முகக்கவசம் உதட்டசைவை மறைத்தது. பாதுகாப்பு உடை குரலை மழுக்கியது. தூண்டலில் கவனிக்க வேண்டிய பெரிய அபாயம் கருப்பை அளவுக்கு மீறிச் சுருங்குவது: பத்து நிமிடத்தில் ஐந்துக்கு மேற்பட்ட சுருக்கங்கள், வலிக்கும் வலிக்கும் இடையே ஓய்வின்மை. முன்பு அறுவைப் பிரசவம் நடந்த பெண்ணுக்கு இது கருப்பை கிழிவதில் முடியலாம். அவளுக்கு மிசோப்ரோஸ்டால் கொடுக்கக் கூடாது என்பதும் இதனால்தான். செவிலியர் ஒவ்வொரு முறையும் கவச உடை அணிந்து உள்ளே வர வேண்டிய தனியறையில், ‘விட்டுவிட்டு வலித்தது இப்போது விடாமல் வலிக்கிறது’ என்று அந்தப் பெண் சொல்லும் வாக்கியமே முதல் எச்சரிக்கை மணி. அதைச் சொல்ல வேண்டும் என்பது அவளுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். சொன்னால் அது புரிய வேண்டும். ‘முன்பு ஆபரேஷனில் குழந்தை பிறந்ததா?’ என்ற கேள்விக்கு அரைகுறையாகப் புரிந்து தலையசைப்பதன் விலை ஓர் உயிராக இருக்கக்கூடும்.

இரண்டாவது, இரகசியம். மொழி புரியாதபோது மருத்துவமனைகள் இயல்பாக நாடுவது உடன்வந்த உறவினரை: மாமியாரை, கணவரை, சில வேளை பள்ளி செல்லும் பிள்ளையை. சாதாரணத் தூண்டலில் இதன் குறை, செய்தி சிதைவது. எச்ஐவியோ ஹெபடைடிஸ் பி-யோ உள்ள பெண்ணின் விஷயத்தில் இது நோயையே வீட்டுக்கு அறிவிப்பதாகும். 2017இல் இயற்றப்பட்டு 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையிலுள்ள எச்ஐவி, எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம், பரிசோதனைக்கு அறிந்து தரும் சம்மதத்தை வேண்டுகிறது. சம்மதமின்றி ஒருவரது தொற்று நிலையை வெளிப்படுத்துவதைத் தடுக்கிறது. பனிக்குடத்தை ஏன் உடைக்கவில்லை என்பதை மாமியார் வழியாக விளக்கத் தொடங்கும் கணமே அந்தத் தடை மீறப்படுகிறது. விளக்காமல் விட்டால் சம்மதம் பொய்யாகிறது. தொழில்முறை மொழிபெயர்ப்பாளர் ஒருவர் இல்லாத அறையில், சட்டத்தின் ஒரு கட்டளையைக் காக்க மற்றொன்றை மீற வேண்டிய நிலை.

சட்டம் இதில் மௌனமாக இல்லை. சமீரா கோலி எதிர் மருத்துவர் பிரபா மஞ்சந்தா வழக்கில் 2008 ஜனவரியில் உச்சநீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, செல்லத்தக்க சம்மதத்துக்குப் போதுமான தகவல் முன்தேவை என்றது. ஒரு செயல்முறைக்குத் தந்த சம்மதத்தை இன்னொன்றுக்கு நீட்ட முடியாது என்றது. உணர்விழந்திருந்த மகளுக்காகத் தாய் தந்த சம்மதத்தை ஏற்கவில்லை. தேசிய மனித உரிமை ஆணையம் 2018இல் வகுத்த நோயாளர் உரிமைச் சாசனம், நோயையும் சிகிச்சையையும் நோயாளி அறிந்த மொழியில், அவரது புரிதல் அளவில் விளக்க வேண்டும் என்கிறது. கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தம் மொழியிலேயே அரசோடு கடிதத் தொடர்பு கொள்ளவும் அதே மொழியில் பதில் பெறவும் வழிவகுத்தது. பட்டாவுக்கான மனு தமிழில் எழுதப்படலாம் என்று அரை நூற்றாண்டுக்கு முன்பே ஒப்புக்கொண்ட ஒரு மாநிலத்தில், உடலுக்குள் செலுத்தப்படும் மருந்துக்கான சம்மதம் தமிழில் கேட்கப்பட வேண்டும் என்பது புதிய கோரிக்கை ஆகாது. ஏற்கெனவே ஒப்புக்கொண்ட கொள்கையின் நீட்சி அது.

எதிர்வாதங்கள் உண்டு, அவற்றில் வலுவும் உண்டு. அங்குள்ள தமிழர்கள் எல்லாரும் மலையாளம் அறிந்தவர்கள் என்பது முதலாவது. பலர் அறிவார்கள், சிலர் தமிழைவிட நன்றாக அறிவார்கள், அவர்கள்மேல் தமிழைத் திணிப்பதும் அவமதிப்புதான். அதனால் தேவைப்படுவது எந்த மொழி வேண்டும் என்று அவளையே கேட்கும் ஒரு கேள்வி. பெயரையும் ஊரையும் வைத்து ஊகிப்பது அந்தக் கேள்விக்கு ஈடாகாது.

அவசரத்தில் நேரமேது என்பது இரண்டாவது. அவசரத்தில் நேரமில்லை என்பது உண்மையே. ஆனால் தூண்டல் பெரும்பாலும் திட்டமிட்டுச் செய்வது. மாத்திரை வேலை செய்யவே பல மணி நேரம் பிடிக்கிறது. எச்ஐவியும் ஹெபடைடிஸ் பி-யும் கர்ப்பத்தின் தொடக்கப் பரிசோதனையிலேயே தெரிந்துவிடக்கூடியவை. 36ஆம் வாரப் பரிசோதனையின்போதே நிதானமாக விளக்கியிருந்தால், திடீர்க் காய்ச்சலோடு வரும் இரவில் சொல்ல வேண்டியது கொஞ்சமாகவே இருக்கும்.

படிவத்தைத் தமிழில் அச்சடித்தால் போதும் என்பது மூன்றாவது. இது ஆதரவாளர்களிடமிருந்தே வருவது. இங்கே ஒரு நிகழ்வு நினைவுகூரத்தக்கது. 2021 மே மாதம் தேவிகுளம் சட்டமன்ற உறுப்பினர் ஆ. ராஜா தமிழில் பதவியேற்றார். கொடுக்கப்பட்ட தமிழ் வாசகத்தில், கடவுளின் பெயராலோ உளமாரவோ உறுதி கூறுவதற்கான தொடர் விடுபட்டிருந்தது. ஜூன் மாதத்தில் அவர் மீண்டும் உறுதிமொழி எடுக்க வேண்டியதாயிற்று. சட்டமன்றத்துக்கென ஆயத்தம் செய்யப்பட்ட மொழிபெயர்ப்பில் ஒரு தொடர் விடுபட்டு ஓர் உறுதிமொழியே செல்லாமல் போகுமென்றால், மாவட்ட மருத்துவமனையின் அவசர மொழிபெயர்ப்புகளில் எத்தனை தொடர்கள் விடுபடும்? பேரவையில் பிழை கண்டறியப்பட்டது; திருத்த இரண்டாம் நாள் ஒன்றும் இருந்தது. பிரசவ அறையில் இரண்டும் உறுதியில்லை.

இதைவிடக் கசப்பான ஒன்றைத் தமிழ் ஆய்வுலகம் ஏற்க வேண்டும். பிழையற்ற மொழிபெயர்ப்பும் போதாது. ‘மகப்பேற்று வலித் தூண்டலுக்கு இசைவளிக்கிறேன்’ என்ற வாக்கியம் கலைச்சொல் அகராதிகளின்படி குறையற்றது. மறையூர்க்காரப் பெண்ணுக்கு அது மலையாளப் படிவத்தின் அளவுக்கே தொலைவானது. தூண்டல் என்றால் மீன் பிடிப்பதா என்று அவள் கேட்டால் தவறு அவளிடம் இல்லை. அயல்மொழியின் ஆதிக்கத்தைச் சுட்டும் விரல், ஏட்டுத் தமிழின் ஆதிக்கத்தையும் சுட்ட வேண்டும். வழக்கில் ‘வலி ஊசி’, ‘ஜெல் வைப்பது’, ‘நோவு’, ‘சூட்டு வலி’, ‘சுகப்பிரசவம்’ என்று மக்கள் வைத்திருக்கும் சொற்கள் இருக்கின்றன. இவற்றுள் நோவு, பேறு, சுகப்பிரசவம் ஆகியவை மலையாளத்துக்கும் பொது. எல்லைப்புற மருத்துவமனைக்குத் தேவையான சொல்தொகுதியின் ஒரு பகுதி ஏற்கெனவே இரு மொழிகளுக்கும் நடுவில் கிடக்கிறது. பொறுக்கி எடுத்து, மயக்கம் தரும் சொற்களை விலக்கி, சரிபார்த்துக் கொடுக்க வேண்டியதே மிச்சம்.

அப்படிப்பட்ட பேச்சு எவ்வாறு இருக்கும்? ஏறத்தாழ இவ்வாறு: ‘உங்களுக்கு இன்னும் தானாக வலி வரவில்லை. மருந்து கொடுத்து வலியை வர வைக்கலாம் என்று நினைக்கிறோம். இப்போதே ஏன் என்றால் இதுதான் காரணம். பொறுத்திருந்தால் இன்னது ஆகலாம். மருந்து கொடுத்த பிறகு பிள்ளை பிறக்க ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகும். சில பேருக்கு வலி வராமலே போய் ஆபரேஷன் செய்ய வேண்டியிருக்கும். முந்தின பிள்ளை ஆபரேஷனில் பிறந்ததா? வலி விட்டுவிட்டு வர வேண்டும். விடாமல் வலித்தாலோ இரத்தம் பட்டாலோ தண்ணீர் உடைந்தாலோ உடனே கூப்பிடுங்கள். வேண்டாம் என்று சொல்லவும் உங்களுக்கு உரிமை உண்டு. இப்போது நான் சொன்னதை உங்கள் வாயால் ஒருமுறை சொல்லுங்கள், நான் சரியாகச் சொன்னேனா என்று பார்க்கிறேன்.’ கடைசி வாக்கியம்தான் எல்லாவற்றையும் தாங்குவது. ‘புரிந்ததா?’ என்ற கேள்விக்கு ‘சரி’ என்று தப்பிக்கலாம், இதற்கு முடியாது. சோதிக்கப்படுபவர் மருத்துவர் என்ற தொனியும் அதில் இருக்கிறது.

செய்ய வேண்டியவை பெருஞ்செலவு பிடிப்பவை அல்ல. கர்ப்பகால அட்டையில் ‘எந்த மொழியில் பேச வேண்டும்’ என்று ஒரு கட்டம் இருக்கட்டும். மாநில எல்லை தாண்டித் தேனிக்கோ கோவைக்கோ அனுப்பப்படும்போதும் அது கூடவே போகட்டும். மேற்கண்டது போன்ற வாசகங்கள் தமிழிலும் இருளத்திலும் முதுவர் மொழியிலும் அந்தந்த ஊர்ப் பெண்களின் குரலில் ஒலிப்பதிவாக இருக்கட்டும். எழுத்தறியாதவருக்கு அச்சடித்த படிவத்தால் பயனில்லை. தமிழும் மலையாளமும் அறிந்தோருக்கெனத் தனி எழுத்தர் பணியிடங்களைக் கேரளத் தேர்வாணையம் அறிவித்து வந்திருக்கிறது. அதே ஏற்பாடு பிரசவப் பிரிவுச் செவிலியருக்கும் நீளட்டும். ஆள் இல்லாத இரவுகளுக்குத் தொலைபேசி வழி மொழிபெயர்ப்பு இருக்கட்டும். தொற்றுள்ள பெண்ணுக்கு உறவினர் மொழிபெயர்க்கக் கூடாது என்பது மட்டும் விதிவிலக்கற்ற விதியாகட்டும். தோட்டங்களுக்கு இன்று ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் தொழிலாளர்கள் வருகிறார்கள். தமிழ்ப் பெண்ணுக்காகத் திறக்கும் கதவு அவர்களுக்கும் திறக்கும்.

இன்னொன்று, கணக்கெடுப்பு. கேரள மகப்பேறு மருத்துவர் கூட்டமைப்பு 2004 முதல் தாய் இறப்புகளை, யார்மீதும் பழி சுமத்தாமல், இரகசியமாக ஆராய்ந்து பாடம் கற்றுவருகிறது. இந்தியாவுக்கே முன்மாதிரியான முயற்சி அது. இதற்கு மூத்த மரபான பிரிட்டனின் இரகசிய விசாரணை அறிக்கைகள், ஆங்கிலம் அறியாத தாய்மாரின் இறப்புகளில் தொழில்முறை மொழிபெயர்ப்பாளர் இல்லாததையும் குடும்பத்தினரும் குழந்தைகளும் மொழிபெயர்க்க நேர்ந்ததையும் பதிவுசெய்தன. கேட்டதால்தான் அங்கே பதில் கிடைத்தது. கேரளத்தின் ஆய்விலும் ‘இந்தப் பெண்ணோடு எந்த மொழியில் பேசப்பட்டது, யார் வழியாக?’ என்ற கேள்வி முறையாக இடம்பெற வேண்டும். உயிர் பிழைத்த நெருக்கடிப் பிரசவங்களுக்கும் சேர்த்து.

இவற்றில் மருத்துவர்கள் தனியாகச் செய்யக்கூடியவை சில மட்டுமே. எந்தச் சொல் எந்த ஊரில் மயங்குகிறது, ‘வராம்’ எத்தனை பேர் காதில் ‘வராம’ என்று விழுகிறது, திரும்பச் சொல்லச் சொன்னால் எந்தத் தகவல் முதலில் உதிர்கிறது என்பவை களத்தில் கேட்டு அறிய வேண்டியவை. அது மொழியியல் துறைகளின் வேலை. எல்லைக் கிளைமொழிகளின் ஒலியனையும் உறவுமுறைச் சொற்களையும் தொகுத்த ஆய்வேடுகள் இரு மாநிலப் பல்கலைக்கழக நூலகங்களிலும் இருக்கின்றன. அதே ஊர்களின் பிரசவ அறைகளுக்கு, நெறிமுறைக் குழுக்களின் அனுமதியோடும் அந்தப் பெண்களின் உண்மையான சம்மதத்தோடும், மொழியியல் மாணவர்கள் போக வேண்டும். அடுத்த காய்ச்சல் காலம் வருவதற்குள் அங்கே எழுதி முடிக்க வேண்டியது ஒரு சிறு சொற்பட்டியலும் அரைப் பக்க உரையும்தான்.